அறமும் அரசும்: ஷிரூர் மடத்து வழக்கு
(வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 14)

பனகல் அரசரின் அமைச்சரவை பலத்த எதிர்ப்புகளுக்கிடையே நிறைவேற்றிய அறநிலையச் சட்டத்தினால் சென்னை ராஜதானியில் இந்து சமய அறநிலைய வாரியம் தோன்றியதையும், உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற டி. சதாசிவ ஐயர் அதன் முதல் தலைவராக அமர்ந்ததையும், அச்சட்டம் செல்லுமா என்ற ஐயம் கிளம்பியமையால் 1927-இல் அது மறுபடியும் புதிதாக இயற்றப்பட்டதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். சட்டம் பிறந்ததே தவிர, அதற்குள் அடங்கிக் கிடந்த பழைய கேள்வி தீரவில்லை. கோயிலும் மடமும் பக்தர்கள் ஈந்த பொருளால் நிற்பவை. ஆகவே அப்பொருளுக்குக் கணக்குக் கேட்கும் கடமை அரசுக்கு உண்டு என்பது ஒரு கட்சி. அவை வழிபாட்டுக்காகவும் ஞானபரம்பரையைக் காப்பதற்காகவும் நிற்பவை. ஆகவே அவற்றினுள் கை நுழைக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் இல்லை என்பது எதிர்க்கட்சி. இவ்விரண்டினுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதைக் கைவிட்ட காலங்களிலெல்லாம் அறநிலையங்கள் நலிந்தன. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, இன்னது சமயத்தைச் சேர்ந்தது, இன்னது சட்டத்தைச் சேர்ந்தது என்று நிதானமாக எல்லை வகுத்த பெருமை 1954-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்புக்கு உரியது. உடுப்பியைச் சேர்ந்த ஷிரூர் மடத்தின் தலைவர், இலட்சுமீந்திர தீர்த்த சுவாமிகள், சென்னை அறநிலைய ஆணையரை எதிர்த்து நடத்திய வழக்கு அது. அதன் வரலாறே இவ்வத்தியாயத்தின் பொருள்.

வழக்கினுள் புகுமுன், முந்தைய அத்தியாயங்களில் விரிவாகக் கூறியவற்றைச் சிறிது நினைவூட்டிக்கொள்வது நலம். 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ரெகுலேஷனால் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானியின் கோயில்கள், மசூதிகள், சத்திரங்கள் ஆகியவற்றின் மேற்பார்வையை ரெவின்யூ போர்டிடம் ஒப்படைத்தது. அதன் பயனாக ஜில்லாக் கலெக்டர்கள் கோயில் நிலங்களைக் குத்தகைக்கு விட்டனர். மராமத்து வேலைகளைப் பார்த்தனர். திருவிழாக் காலங்களில் தேர் இழுக்கக் கிராமத்து ஜனங்களைத் திரட்டியும் கொடுத்தனர். கிறிஸ்தவர்களான ஆட்சியாளர் இந்துக் கோயில்களுக்கு ஊழியம் செய்வது தகாதென்று பாதிரிமார்கள் கண்டனம் எழுப்பினர்; சென்னைச் சேனாதிபதியாயிருந்த ஸர் பெரிகிரின் மெயிட்லண்டு இக்காரணத்தை முன்னிட்டு 1838-இல் பதவியையே துறந்தார். லண்டன் மாநகரத்து டைரக்டர்கள் இணங்கினர். 1840-ஐ அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனி தன் கையை ஒரேயடியாக உதறிக்கொண்டது. திருப்பதித் தேவஸ்தானம் 1843-இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்தின் பொறுப்புக்குச் சென்றதும் அப்போதுதான். பின்னர் 1863-ஆம் ஆண்டின் இருபதாவது சட்டம் ஜில்லாதோறும் கமிட்டிகளை ஏற்படுத்தி, அங்கத்தினர்களுக்கு ஆயுட்காலப் பதவியையும் கொடுத்து, முறைகேடு கண்டவர் தம் செலவில் நீதிமன்றம் சென்று முறையிட்டுக்கொள்ளலாமென்று சொல்லி ஒதுங்கிற்று. முதலிற்கூறிய முறையில் கலெக்டரின் கை கருவறை வாயில்வரை நீண்டது. பின்னதில் கோயில் நிலம் யார் கையில் போகிறதென்று பார்ப்பாரும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்தத் தடுமாற்றத்துக்கு முடிவு தேடியே 1927-ஆம் ஆண்டுச் சட்டமும் வாரியமும் வந்தன.

இனி உடுப்பிக்குச் செல்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் துவைத சித்தாந்தத்தை நிலைநாட்டிய மத்வாசாரியர், தாம் பிரதிஷ்டை செய்த கிருஷ்ண விக்கிரகத்தின் பூஜைக்காகத் தம் சந்நியாச சிஷ்யர்கள் எண்மரை நியமித்தார். அவர்கள் வழியில் வந்தவையே பலிமார், அதமார், கிருஷ்ணாபுர, புத்திகெ, ஷிரூர், சோதெ, காணியூர், பேஜாவர் என்னும் எட்டு மடங்கள். ஒவ்வொரு மடமும் தனித்தனியே சொத்தும் சிஷ்யகோடியும் உடையது. ஆனால் கிருஷ்ண மடத்தின் பூஜை மட்டும் எட்டு மடங்களுக்கும் பொதுவானது, முறைவைத்து வருவது. ஆதியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறிவந்த இந்தப் பொறுப்பை, பதினாறாம் நூற்றாண்டில் சோதெ மடத்தை அலங்கரித்த வாதிராஜ தீர்த்தர் இரண்டாண்டுக்கு ஒருமுறையென மாற்றியமைத்தார். ஆகையால் ஒரு மடத்தின் முறை ஒருதரம் வந்து மறுதரம் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் செல்கின்றன. இம்முறைக்குப் பரியாயம் என்று பெயர்.

பரியாயத்தின் தன்மையை அறியாதவர்க்கு இவ்வழக்கின் மூலகாரணமே விளங்காது. முறை வருவதற்கு ஓராண்டுக்கு மேலாகவே ஏற்பாடுகள் தொடங்கிவிடுகின்றன. முதலில் நல்ல நாள் பார்த்து வாழைக்கன்று நடுவர். பின்னர் அரிசி சேர்க்கத் தொடங்குவதற்கு ஒரு முகூர்த்தம், விறகு சேர்க்க ஒரு முகூர்த்தம், நெல் சேர்க்க ஒரு முகூர்த்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும். இரண்டாண்டுச் சமையலுக்கான விறகை, மத்வ சரோவரத்தின் அருகே தேரின் வடிவமாக அடுக்கி எழுப்புவர். அதைக் காண்பவர் அதனை எரிபொருளென்று எண்ணமாட்டார், ஏதோ ஒரு மரச்சிற்பமென்றே மயங்குவர். ஜனவரி மாதத்தில் குறித்த நாளன்று, பொழுது புலராமுன்னரே, பீடமேறவிருக்கும் சுவாமிகள் காபு என்னும் ஊரருகேயுள்ள தண்ட தீர்த்தத்தில் நீராடி, பல்லக்குகளும் வாத்தியங்களும் சூழ உடுப்பி வீதிகளின் வழியே ஊர்வலமாக வந்து, கனகதாசர் தரிசித்ததாகச் சொல்லப்படும் பலகணியின் மூலம் கிருஷ்ணனைத் தரிசித்துவிட்டு மடத்தினுள் புகுவார். அங்கே விடைபெறும் சுவாமிகள் அவரிடம் ஒப்படைப்பவை மூன்று: மத்வாசாரியர் காலத்திலிருந்து வருவதாகக் கருதப்படும் அட்சய பாத்திரம், அன்னம் பரிமாறும் சட்டுவம், மடத்தின் சாவிகள். அதிகாரம் கைமாறுவதற்கு அடையாளமாகச் செங்கோலையோ முத்திரை மோதிரத்தையோ வைக்காமல், சோறிடும் பாத்திரத்தையும் சட்டுவத்தையும் வைத்த அப்பரம்பரையின் உள்ளத்தை நாம் நினைந்து வணங்கத்தான் வேண்டும். அன்றுமுதல் இரண்டாண்டுக் காலம், அங்கு வந்தடையும் பிராம்மணர் அனைவருக்கும் அன்னமிடும் பொறுப்பு அச்சுவாமிகளைச் சேர்ந்தது. இச்செலவுக்கு வரம்பு கட்டுவது எவராலும் இயலாது. வருகிறவர்களின் தொகையே அதன் அளவு.

ஷிரூர் மடத்து இலட்சுமீந்திர தீர்த்தர் 1919-இல், இன்னும் பாலகராயிருக்கும்போதே, பீடமேறினார். வயதுவந்து 1926-இல் அவர் நிர்வாகத்தை மேற்கொண்டபோது மடம் பெருங்கடனில் ஆழ்ந்திருந்தது. சில ஆண்டுகளின் முயற்சியால் அக்கடனில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்ட நிலையில் அவருடைய முதற் பரியாயம் வந்தது. மீண்டும் கடன் ஏறிற்று. அதன்பின் மெல்ல மெல்ல நிலைமை சீர்ப்பட்டுவருகையில் 1946-இல் இரண்டாவது பரியாயம் வந்து சேர்ந்தது. உலக யுத்தம் முடிந்த காலம் அது. உணவுப் பண்டங்கள் கிடைப்பதே அரிதாயிருந்தது. கிடைத்தவற்றின் விலையோ சாமானியர் எட்டவியலாத உயரத்தில் இருந்தது. அத்தகைய காலத்தில் வந்தவர்க்கெல்லாம் அன்னமிடும் விரதத்தைக் கைவிடாமல் நடத்திய சுவாமிகள் கடன் வாங்கினார். கடன் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாயை எட்டிற்று.

இந்நிலையில்தான் அறநிலைய வாரியம் தலையிட்டது. மடத்தின் காரியங்களைக் கவனிக்கத் தகுதியுள்ள ஒரு மானேஜரை நியமிக்கவேண்டுமென்று அது சுவாமிகளுக்கு உத்தரவிட, அதற்கிணங்க 1948-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒருவருக்கு முகத்தியார்நாமா என்னும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்த ஏஜண்டு தம்மை மதிக்காமல் எல்லாவற்றையும் தம்மிஷ்டப்படி நடத்தினார், கணக்கையும் காட்டவில்லை என்பது சுவாமிகளின் முறையீடு. 1950 செப்டம்பரில் சுவாமிகள் முகத்தியார்நாமாவை ரத்து செய்து, கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் கையிருப்பையும் ஒப்படைக்கச் சொன்னார், ஏஜண்டு இணங்கவில்லை, தென் கன்னடச் சப்-கோர்ட்டில் சுவாமிகள் தாவா தொடுத்தார், ஏஜண்டோ வாரியத்திடம் முறையிட்டார். வாரியம் மடத்தின் நிர்வாகத்துக்கென ஒரு ஸ்கீம் ஏற்படுத்தும் நோக்கத்துடன் விசாரணையைத் தொடங்கியது. அதைத் தடுக்கக் கோரி, 1951 பிப்ரவரியில் சுவாமிகள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்.

எடுத்த எடுப்பில் பார்த்தால் இது ஒரு மடத்தின் கடன் விவகாரம். மானேஜர் ஒருவரைப் பற்றிய சச்சரவு. எனினும் இதற்குள் காலம் இரண்டு பெரும் நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. 1950 ஜனவரி 26-ஆம் தேதி முதல் இந்தியக் குடியரசின் அரசியல் சாசனம் அமலில் இருந்தது. அதன் 25-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் மதத்தை அநுசரிக்கும் சுதந்திரத்தையும், 26-ஆம் பிரிவு ஒவ்வொரு சமயப் பிரிவினருக்கும் தம் சமய விவகாரங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையையும் அளித்திருந்தன. மற்றொரு நிகழ்ச்சி, வழக்கு நிலுவையிலிருக்கும்போதே நடந்தது: சென்னைச் சட்டசபை 1951-ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது சட்டத்தை இயற்றி, பழைய வாரியத்தைக் கலைத்து, அதன் இடத்தில் ஆணையர், துணை ஆணையர்கள், உதவி ஆணையர்கள், வட்டாரக் கமிட்டிகள் என்று அடுக்கடுக்கான ஓர் அரசாங்க இலாகாவை அமைத்தது. சுவாமிகள் தம் மனுவைத் திருத்தி, இப்புதுச் சட்டமே சாசனத்துக்கு விரோதமானதென்று வாதிட்டார். ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய்க் கடனில் பிறந்த வழக்கு, இந்தியாவின் சமய சுதந்திரம் எதுவென்று நிர்ணயிக்கும் வழக்காக வளர்ந்தது இவ்வாறே.

உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் சத்தியநாராயண ராவும் ராஜகோபாலனும் இதனுடன் தில்லைச் சிற்றம்பலத்துப் பொது தீட்சிதர்களின் மனுவையும் ஒருங்கே விசாரித்து, 1951 டிசம்பர் 13-ஆம் தேதி தீர்ப்பளித்தனர். சுவாமிகளுக்கு வெற்றி கிட்டியது. சட்டத்தின் பல ஷரத்துகள் செல்லாதனவாயின. அரசாங்கத்தார் உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்தனர். தலைமை நீதிபதி மெஹர்சந்த் மஹாஜன் தலைமையில் எழுவர் அமர்ந்த அமர்வு அதை விசாரித்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்று, சில வாரங்களுக்கு முன்னரே அந்நீதிமன்றத்தில் பதவியேற்றவரும், முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனங்களை அவர் பரம்பரையிலேயே கற்றுத் தேர்ந்தவருமான டி. எல். வெங்கடராம ஐயரும் அவ்வெழுவரில் ஒருவர். எழுவர் சார்பில் தீர்ப்பை எழுதியவர் பிஜன் குமார் முகர்ஜி.

முகர்ஜியைப் பற்றிச் சில சொற்கள் கூறாமல் மேலே செல்வது தகாது. 1891-இல் வங்காளத்தின் ஹூக்ளியில் பிறந்து, கல்கத்தாவில் சட்டம் பயின்று, 1936 முதல் அங்கே உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்து, பின்னர் டில்லியின் பெடரல் கோர்ட்டுக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் உயர்ந்தவர் அவர். ஹிந்து தர்ம ஸ்தாபனங்களைப் பற்றிய சட்டமே அவர் ஆயுளின் ஆராய்ச்சி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை அவர் நிகழ்த்தியது இப்பொருள் குறித்தே. அச்சொற்பொழிவுகளின் நூல் இன்றும் வழக்கறிஞர்களின் மேசைகளில் இருந்துவருகிறது. தேவதை, தேவதையின் பூஜையையும் சொத்தையும் கவனிக்கும் சேபாயத், மடாதிபதி, சிஷ்யன் என்னும் இவர்களிடையேயுள்ள உறவுகளை ஸ்மிருதிகளிலும் பழைய தீர்ப்புகளிலும் தேடித் தெளிந்த ஒருவர் கையில் இவ்வழக்கு சென்று சேர்ந்தது நம் நாட்டின் பாக்கியமென்றே சொல்லத் தோன்றுகிறது.

மடாதிபதி என்பவர் யார் என்பதே முதற்கேள்வி. அவர் மடத்துச் சொத்தின் உரிமையாளரா? அல்லர், விற்றுத் தின்ன அவருக்கு உரிமையில்லை. பிறர் பொருளைக் காக்கும் வெறுங்காவலரா? அதுவும் அன்று. இங்கிலாந்தின் டிரஸ்டுச் சட்டத்தில் சொல்லப்படும் டிரஸ்டி அவர் அல்லர் என்று பிரிவி கௌன்சில் 1921-லேயே வித்யாவாருதி தீர்த்தர் வழக்கில் தெளிவுபடுத்தியிருந்தது. முகர்ஜி அதன்மேல் கட்டடம் எழுப்பினார். மடாதிபதியின் பதவியும் சொத்தும், கடமையும் சுயஉரிமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்கவொண்ணாது. மடத்தின் உபரி வருமானத்தைச் செலவிடுவதில் அவருக்குப் பரந்த சுதந்திரம் உண்டு. ஆகவே அவருடைய பதவியே ஒரு சொத்துரிமையின் தன்மை கொண்டது. சாசனம் அதைக் காக்கும் என்பது அவர் முடிவு. ஆன்மிகப் பரம்பரையின் தலைவரை, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தாவின் நிலைக்கு இறக்கும் சட்டம் நியாயமான கட்டுப்பாடாகாது என்னும் உட்கருத்து தீர்ப்பு முழுவதிலும் ஓடுகிறது.

இரண்டாவது கேள்வி அதனிலும் ஆழமானது: சமயம் என்பது எது? நம்பிக்கை மட்டுமே சமயம், ஆசாரங்களும் சடங்குகளும் உலகியலைச் சேர்ந்தவை, ஆகவே அவற்றை அரசு எவ்வாறும் ஒழுங்குபடுத்தலாம் என்று வாதிக்கப்பட்டது. முகர்ஜி இதை ஏற்கவில்லை. ஒரு சமயம் தன்னைப் பின்பற்றுவோருக்கு ஒழுக்க விதிகளை மட்டுமின்றி, சடங்குகளையும் பூஜைமுறைகளையும், உண்ணும் உணவையும் உடுக்கும் உடையையும்கூட விதிக்கலாம். அவையெல்லாம் அச்சமயத்தின் அங்கங்களே. இன்ன வேளையில் தெய்வத்துக்கு நைவேத்தியம் படைக்கவேண்டும், இன்ன நாளில் இன்ன சடங்கு நடக்கவேண்டும், தினந்தோறும் இன்ன நூல் பாராயணம் செய்யப்படவேண்டும் என்று ஒரு சமயம் சொல்லுமானால், அவற்றுக்குப் பணம் செலவாகிறது, வேலைக்காரர் அமர்கின்றனர், கடைப்பண்டங்கள் வாங்கப்படுகின்றன என்பதனால் மட்டும் அவை வியாபாரக் காரியங்களாகிவிடா என்று அவர் எழுதினார். ஒரு சமயத்தின் உயிரான பகுதி எது என்பதை முதன்மையாக அச்சமயத்தின் சித்தாந்தத்தைக் கொண்டே அறியவேண்டும் என்பது அவர் வகுத்த அளவுகோல். பரியாய காலத்துச் சமையற்கட்டில் எரியும் விறகையும் அட்சய பாத்திரத்தில் நிறையும் அன்னத்தையும் நினைந்து பார்த்தால் இவ்வாக்கியங்களின் பொருள் தானே விளங்கும். ஆனால் இங்கேயே அவர் மற்றொன்றையும் சேர்த்துச் சொன்னார்: சடங்கு நடக்கவேண்டுமா என்பது சமயத்தின் கேள்வி, அதற்கு எவ்வளவு செலவிடுவது என்பது நிர்வாகத்தின் கேள்வி. மடத்தின் நிதி விரயமாகாதபடி செலவின் அளவைச் சட்டம் கட்டுப்படுத்தலாம். இந்தப் பாகுபாட்டின் நேர்மையை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இவ்விரு கொள்கைகளையும் கையில் கொண்டு, நீதிமன்றம் சட்டத்தின் ஷரத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. 21-ஆம் பிரிவு ஆணையருக்கும் அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுக்கும் எந்தச் சமய ஸ்தாபனத்தினுள்ளும் புகுந்து பார்க்கும் அதிகாரத்தை அளித்திருந்தது. ஆலயத்தில் மூர்த்தி எழுந்தருளியுள்ள இடத்துக்குள் அந்நியர் எவரும் செல்லலாகாதென்பது எங்கும் வழங்கிவரும் மரபு. தெய்வத்துக்கு ஓய்வு கொடுக்கும் வேளைகளும் உண்டு. மடமோ வழிபாட்டிடம் மட்டுமன்றி மடாதிபதி வசிக்கும் இல்லமும் ஆகும். அவ்வாறிருக்க, முன்னறிவிப்பின்றி, வேளை வரையறையின்றி, எவ்விடத்தும் நுழையலாமென்பது சமய உரிமையைக் குலைப்பதாகும் என்று கூறி நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. 55-ஆம் பிரிவு, சுவாமிகளுக்கு அவருடைய பக்தர்கள் நேரே அளிக்கும் பாதகாணிக்கையையும் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது. அவரவர் பக்தியால் ஒருவர் காலடியில் வைக்கும் பொருள் அவருக்கே உரியது என்று சொல்லி அதையும் தள்ளியது. உபரி வருமானத்தை எவ்வாறு செலவிடுவதென்று ஆணையரோ கமிட்டியோ மடாதிபதிக்கு ஆக்ஞை பிறப்பிப்பதும், ஒவ்வோர் அறச்செலவுக்கும் அதிகாரியின் அநுமதி பெறவேண்டுமென்பதும், மானேஜரை நியமிக்கும்படி கட்டாயப்படுத்துவதும், ஒரு ஸ்தாபனத்தை நோட்டீஸ் மூலம் அறிவிக்கப்பட்டதாக்கி அதன் நிர்வாகத்தை அரசாங்க அதிகாரியிடம் கொடுக்க வகைசெய்த 63 முதல் 69 வரையிலான பிரிவுகளும் அவ்வாறே வீழ்ந்தன. இவ்வழக்கின் ஆரம்பமே மானேஜரை நியமிக்கும்படி பிறந்த உத்தரவு என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

பணத்தைப் பற்றிய கேள்வி தனியே நின்றது. அறநிலைய இலாகாவின் செலவுக்காக ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாத தொகையை ஆண்டுதோறும் செலுத்தவேண்டுமென்று 76-ஆம் பிரிவு விதித்திருந்தது. இது கட்டணமா, வரியா? குறிப்பிட்ட ஒரு சேவைக்கு ஈடாக, அச்சேவையின் செலவோடு பொருந்தும்படி வசூலிப்பது கட்டணம். அரசின் பொதுச் செலவுக்காகக் கட்டாயமாக வாங்குவது வரி. இத்தொகை அரசாங்கத்தின் பொதுக் கஜானாவில் சேர்ந்துவிடுகிறது. இலாகாவின் செலவுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் காட்டப்படவில்லை. ஆகவே இது வரியே. இத்தகைய வரியை விதிக்க மாகாணச் சட்டசபைக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பாயிற்று. கட்டணத்துக்கும் வரிக்குமுள்ள வேறுபாடு எங்கே எழுந்தாலும் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டுவது அதன்பின் வழக்கமாயிற்று. பிற்காலத்தில் சென்னையார் அறநிலைய நிர்வாகத்துக்கெனத் தனி நிதி ஒன்றை ஏற்படுத்தி, வசூலை அதிலேயே சேர்க்கும் முறையை மேற்கொண்டதும் இத்தீர்ப்பு புகட்டிய பாடத்தால்தான்.

இவ்வளவும் கூறியபின், நீதிமன்றம் சட்டத்தை முழுவதும் வீழ்த்திவிட்டதென்று எவரேனும் எண்ணினால் அது பெருந்தவறு. சாதாரண விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தச் சொத்தைக் காப்பது எவ்வாறோ அவ்வாறு மடாதிபதி மடத்துச் சொத்தைக் காக்கவேண்டுமென்ற ஷரத்தும், சொத்துகளுக்குப் பதிவேடு வைக்கவேண்டுமென்ற ஷரத்தும் நின்றன. சொத்தை நிர்வகிக்கும் உரிமை சமயப் பிரிவினருக்கு உரியதே; ஆனால் அது சட்டத்துக்கு இணங்கவே செலுத்தப்படவேண்டும்; சட்டம் அவ்வுரிமையை ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாகப் பறித்து வேறொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அன்றே ஒரிஸ்ஸாச் சட்டத்தைப் பற்றிய வழக்கிலும், இரண்டு நாட்களுக்குப்பின் பம்பாய்ப் பொது டிரஸ்டுச் சட்டத்தைப் பற்றிய வழக்கிலும் முகர்ஜி இதே கொள்கைகளை நிலைநாட்டினார். ஒரே வாரத்தில் மூன்று மாகாணங்களின் சமய ஸ்தாபனங்களுக்கு ஒரே நெறி கிடைத்தது.

இத்தீர்ப்பின் பெருமையை வேறொரு கோணத்திலும் நோக்கலாம். நிர்வாகத்தில் குறை கண்ட இடத்தில் அரசு செய்யக்கூடியது இரண்டு: குறையைத் திருத்துவது ஒன்று, குறையைக் காரணமாகக் காட்டி ஸ்தாபனத்தையே எடுத்துக்கொள்வது மற்றொன்று. முன்னது வைத்தியம், பின்னது வைத்தியன் நோயாளியின் வீட்டைச் சுவாதீனப்படுத்திக்கொள்வது போன்றது. ஷிரூர் மடத்தின் கடனை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் அக்கடன் போகத்தினாலோ துரோகத்தினாலோ வந்ததன்று, விலைவாசி ஏறிய காலத்தில் அன்னதான தர்மத்தைக் கைவிடாமையால் வந்தது. அத்தகைய கடனுக்காக ஒரு குருபீடத்தின் சுதந்திரத்தைப் பறிப்பது நியாயமா என்னும் கேள்வியை, அந்தக் கேள்வியின் மனிதத் தன்மையை, நீதிமன்றம் உணர்ந்தது. அதே சமயத்தில், கணக்குக் காட்டுவது தம் கௌரவத்துக்கு இழுக்கென்று கருதும் தர்மகர்த்தர்களுக்கும் அது இடங்கொடுக்கவில்லை. ஊரார் பொருளுக்குக் கணக்கு வைப்பது தர்மத்துக்கு அந்நியமான காரியமன்று. நம் கோயிற் சுவர்களில் சோழர் காலம் முதல் பொறிக்கப்பட்டுள்ள சாசனங்கள் இத்தனை கலம் நெல், இத்தனை விளக்கு, இத்தனை ஆடு என்று எண்ணி எழுதியவையே அல்லவா?

பிற்காலத்து நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். 1956 நவம்பரில் மொழிவாரி மாகாணங்கள் அமைந்தபோது தென் கன்னட ஜில்லாவின் உடுப்பி மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. சென்னைச் சட்டத்தின் எல்லையைத் திருத்தி எழுதச்செய்த மடம், அடுத்த மூன்றாண்டுகளுக்குள்ளேயே சென்னை அரசாங்கத்தின் ஆட்சிக்கு வெளியே போயிற்று. சென்னையிலோ, இத்தீர்ப்பையும் மனத்தில் கொண்டு 1959-இல் புதிய அறநிலையச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றுவரை தமிழ்நாட்டின் கோயில்களை ஆள்வது அதுவே. முகர்ஜி 1954 டிசம்பரில் தலைமை நீதிபதியாகி, ஓராண்டுக்குச் சற்று மேலாகவே அப்பதவியிலிருந்து, 1956-இன் தொடக்கத்தில் காலமானார். சமயத்தின் உயிரான பகுதி எதுவென்பதை அச்சமயத்தின் சித்தாந்தமே சொல்லட்டும் என்று அவர் வகுத்த அளவுகோல், 1961-இல் அஜ்மீர் தர்கா வழக்கிலும் அதன்பின் வந்த தீர்ப்புகளிலும் சற்றே திரிந்தது. எது சமயத்துக்கு இன்றியமையாதது, எது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது என்று நீதிமன்றமே பிரித்துச் சொல்லும் நிலை வந்தது. முகர்ஜி அமைத்த வாசலிலிருந்து இது விலகிச் சென்ற பாதை என்பதில் எமக்கு ஐயமில்லை. சித்தாந்தத்தை வாழ்ந்து காட்டுபவர்களின் வாக்கைக் காட்டிலும் அதை வெளியிலிருந்து படிப்பவர்களின் வாக்குக்கு அதிகப் பெறுமானம் தருவது, சமய சுதந்திரத்தை ஒரு கையால் கொடுத்து மற்றொரு கையால் வாங்கிக்கொள்வதாக முடியும்.

எனவே 1954-ஆம் ஆண்டின் தீர்ப்பை மடங்களும் அரசாங்கமும் ஒருசேர மீண்டும் மீண்டும் படிக்கவேண்டும். மடாதிபதிகளும் தர்மகர்த்தர்களும் அதில் தம் உரிமையை மட்டும் படித்து, கணக்கைப் பற்றிய பகுதியை விட்டுவிடலாகாது. அதிகாரிகளும் அமைச்சர்களும் மேற்பார்வையைப் பற்றிய பகுதியை மட்டும் படித்து, அதன் எல்லையைப் பற்றிய பகுதியைத் தாண்டிச் செல்லலாகாது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, கலெக்டர்களின் கச்சேரிகளிலும் கமிட்டிகளின் அறைகளிலும் வாரியத்தின் விசாரணைகளிலும் நாம் தேடித் தவித்த நடுவழி இதுவே. ஒருமுறை கண்டுபிடித்த அதைத் தொலைத்துவிட்டு மறுபடியும் தேட நேர்ந்தால் பழி நம்முடையதே.

உயர் நீதிமன்றத்தில் இவ்வழக்கோடு சேர்ந்து விசாரிக்கப்பட்ட தில்லைப் பொது தீட்சிதர்களின் வழக்கு எவ்வாறு எழுந்தது, அவர்கள் தம்மைத் தனியானதொரு சமயப் பிரிவினரென்று நிலைநாட்டியது எக்காரணங்களைக் கொண்டு என்பவற்றை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.